கால் வைத்தால் சம்மதம்

சாலையோரப் பலகையில் ஒரே வரி: "இதில் கால் வைப்பவர் அரசின் ஆட்சிக்குச் சம்மதம் தந்தவர் ஆகிறார்." சம்மதமில்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஊரில் இருவர்தான், தவசியும் அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பூரணமும். சாலை அவர்கள் வீடுகளுக்கு நடுவே வந்தது. சுற்றிப்போக வழியில்லாமல் நீண்டது. பதினான்கு வருடங்களாக ஆளுக்கொரு ஓரத்தில் நின்று பேசிக்கொண்டார்கள். அவள் முன்தலையில் நரை விழுந்ததை அவன் இந்த ஓரத்திலிருந்துதான் பார்த்தான்.

அந்த ஐப்பசி மழையில் சாலை மூழ்கியது. தவசி வேட்டியை மடித்துக் கட்டினான்.

"நீந்தி வந்தா கால் படாதுல்ல?"

பூரணம் குச்சியை விட்டு ஆழம் பார்த்தாள்.

"முழங்கால் அளவுதான் மச்சான் இருக்கு, நீந்தப் பத்தாது. இன்னும் கொஞ்சம் பெய்யட்டும்."

மேற்கே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.