கடித்த ரொட்டி

பெண் கேட்டு வந்த ஹோசியாத், சமர்கந்து வீட்டுச் சுவரில் தொங்கிய ரொட்டியையே பார்த்தாள். அதில் ஒரு கடி விழுந்திருந்தது.

"பையன் பட்டாளத்துக்குப் போறப்போ கடிச்சதா? மிச்சத்தைச் சாப்பிட எப்போ வரான்?"

"எனக்குப் பையனே இல்லைக்கா. மக கடிச்சது," என்றாள் வீட்டுக்காரி முஹய்யோ.

"ஐயோ, அவ எப்போ வருவா?"

"வந்து ஒரு வருஷமாச்சு. உங்களுக்கு டீ ஊத்துறாளே சனோபர், இவதான்."

"அப்புறம் ஏன் தொங்குது?"

"மூணு தடவை இப்படிக் கடிச்சு வச்சுட்டு மனநல ஆஸ்பத்திரிக்குப் போனா. வந்து ரொட்டியை முடிப்பா, மறுபடியும் போவா. நாலாவது தடவை டாக்டர் மாத்திரையும் கொடுத்து, ரொட்டி, சோறு வேண்டாம், கறியும் கொழுப்பும்தான் சாப்பாடுன்னார். அதுலேர்ந்து போகவே இல்லை."

ஹோசியாத் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இதை மறைச்சிருக்கலாமே?"

சனோபர் நிமிர்ந்தாள். "அம்மா கழட்டத்தான் போனாங்க. நான்தான் விடலை. அது நான் வாங்கின மெடல்."