ஏறாத பேட்டரி

வண்டிக்குள் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது.

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மறுபடி பார்த்தாள்.

சிவப்புதான்.

கன்னியாகுமரி போய்விட்டு வந்தேன் என்றாரே மனுஷன். நாள் முழுக்க ஓட்டமாம். இடுப்பு விட்டுப்போச்சாம். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கிறார்.

வாடகைக்கு ஓடும் கேரவன் இது. உள்ளே படுக்கை, ஃபிரிட்ஜ், சின்ன ஏசி எல்லாம் உண்டு. அதற்கென்று பின்னால் தனி பேட்டரி. வண்டி ஓட ஓடத்தான் அது ஏறும். நின்ற இடத்தில் ஏசியைப் போட்டால் இறங்கிக்கொண்டே வரும். மாட்டிய அன்றைக்கு அவரே பெருமையாகச் சொல்லிக்கொடுத்தது.

அப்படியென்றால் வண்டி ஓடவில்லை.

எங்கேயோ நின்றிருக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு.

யாரோடு?



போன வியாழக்கிழமையும் இப்படித்தான். கேட்டதற்கு, பேட்டரி பழசாகிவிட்டது என்றார். மாட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

படுக்கை விரிப்பை உதறினாள். குப்பென்று பவுடர் வாசனை.

ஓஹோ. இந்த வயசில்!

மகள் சுகந்தி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனபோது, மானம் போச்சு, மரியாதை போச்சு என்று குதித்த மனுஷன். அவள் வாசல்படியை இந்த ஜென்மத்தில் மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினார். தென்காசியிலிருந்து கடையநல்லூர் என்ன, கூப்பிடு தூரம். பேரன் பிறந்தது பால்காரர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு இவள் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் இன்னொரு தோசை கேட்டார்.

மானமாம், மானம்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒரு துணி சிக்கியது.

இவளுடைய பச்சைச் சேலை. பீரோவில் காணோம் என்று தேடிக்கொண்டிருந்த அதே சேலை.

என் சேலையையே எடுத்துக் கொடுத்திருக்கிறாரா! நாசமாய்ப் போக.

ஆத்திரத்தோடு விரித்தாள். துவைத்துத் துவைத்து நைந்துபோன நூல் சேலை. முந்தானையில் கிழிசல் வேறு.

எவளுக்காவது கொடுக்கிறவன் கிழிசலையா கொடுப்பான்?

சேலையின் இரண்டு தலைப்பும் கயிறாய் முறுக்கிக்கொண்டு கிடந்தன. இறுக்கி முடிச்சுப் போட்டு அவிழ்த்திருக்கிறார்கள். நடுவில் தொய்வு. அந்தத் தொய்வில் ஈரம் காய்ந்த ஒரு கறை.

நிமிர்ந்து பார்த்தாள். துணி மாட்டுகிற கம்பி லேசாக வளைந்திருந்தது.

சேலையை முகத்தருகே கொண்டுபோனாள்.

பால் கக்கிய வாசனை.

தூளி.

அப்படியே வண்டிக்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசல்படியை மிதிக்கவில்லையாம். வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டாராம். சத்தியத்துக்குச் சேதாரமே இல்லை.

படுபாவி. என்னை விட்டுவிட்டு ஒத்தையாய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாரே.

அழுதாள். இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, திருச்செந்தூர் சவாரி என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியோடு வந்தார்.

முன்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சேலை, துவைத்து மடித்தது.

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

அவள் அவரைப் பார்க்காமல், முன்னால் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"சுரண்டை வழியா சுத்திப் போங்க. பேட்டரி நல்லா ஏறட்டும். பிள்ளைக்கு வேர்க்கும்."