ஆக்னஸின் தலை

எல்மர் டாகெட்டுக்கு வெள்ளிக்கிழமையோடு வேலை போகிறது. ராக் கிரீக் மியூசியத்தில் இருபத்திரண்டு வருஷம் எலும்புக்குத் தூசி தட்டியவன். இனி அதை இயக்குநர் டாக்டர் விட்லாக்கின் மச்சினன் தட்டுவானாம்.

திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. எல்மர் ஏணி போட்டு ஏறி, எழுபதடி நீள பிரான்டோசாரஸ் டைனோசர் எலும்புக்கூட்டின் தலையைக் கழற்றினான். ஓட்ஸ் மூட்டையில் கட்டி, வீட்டுக் கோழிக்கூண்டில் ஒளித்துவைத்தான்.

ஊர் அந்த எலும்புக்கூட்டை ஆக்னஸ் என்றுதான் கூப்பிடும். அது மேயரின் மாமியார் பெயர். காரணம், கழுத்து.

திட்டம் எளிது. வியாழனன்று பாஸ்டனிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் அந்தத் தலையை அளந்து பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் விட்லாக் கையைப் பிசையும் நேரத்தில் எல்மர் தலையைக் 'கண்டுபிடித்து'க் கொண்டுவருவான். மானத்தைக் காத்தவனை யார் வீட்டுக்கு அனுப்புவார்?

மனைவி நெட்டிக்கு நம்பிக்கையில்லை. தலையில்லாத ஆளோடு தான் இருபது வருஷம் குடித்தனம் பண்ணவில்லையா, ஊர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளாதா என்றாள்.

செவ்வாயன்று ஷெரீஃப் வந்து ஏணியை முறைத்துவிட்டுப் போனார். புதனன்று விட்லாக் அறையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே ஞானப்பாட்டு முணுமுணுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மனுஷன் உடைந்துவிட்டார் என்று எல்மருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

வியாழன் காலை பேராசிரியர்கள் மொட்டைக் கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்மர் பின்வாசல் வழியாக இயக்குநர் அறைக்குள் நுழைந்து, மூட்டையை மேசைமேல் அவிழ்த்தான்.

"ஓடைக்கரையில கெடந்துச்சு டாக்டர்."

விட்லாக் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து, தலையின் கண்குழியிலிருந்து ஒரு கோழியிறகை உருவினார்.

"அவங்க எதுக்கு வந்திருக்காங்க தெரியுமா எல்மர்? ஆக்னஸ் தலை ஆக்னஸோடது இல்லைன்னு நிரூபிக்க."

"பின்ன யாரோடது?"

"நாலு மைல் தள்ளித் தோண்டினப்போ கெடைச்ச வேற ஏதோ ஒண்ணோடது. உடம்பு இருந்த குழியில தலையே இல்ல. நான்தான் மாட்டிவிட்டேன். முப்பது வருஷமா ஊரே அதைப் பார்த்துக் கும்பிடுது. இப்ப தலை இல்லாம எதை அளப்பாங்க?"

வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கியது. விட்லாக் மூட்டையை அவரே இறுக்கிக் கட்டி எல்மர் தோளில் ஏற்றினார்.

"அடுத்த வாரமும் வழக்கம்போல வேலைக்கு வந்துடு. இதைக் கொண்டுபோய்க் கோழிகிட்டயே ஒப்படைச்சுடு."