மீகாங் கரையில் ஓர் அறை

லாவோஸ் சுற்றுலா முடிந்து லண்டன் நோர்பரி வீட்டுக்குத் திரும்பிய மகள் அஜந்தா, தங்கிய மலிவு விடுதியின் படத்தைப் போனில் காட்டினாள். மீகாங் ஆற்றைப் பார்த்த நீல ஜன்னல். குகதாசன் அந்த ஜன்னலைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அங்க வேலை செய்யிறவர் யாழ்ப்பாணத்தார் அப்பா. அந்தக் காலத்தில லண்டன் வர வெளிக்கிட்டு, அந்த அறையில தங்கினவராம். நித்திரையா இருக்கேக்க, கூட வந்த சிநேகிதன் அவற்ற பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு போயிட்டானாம்."

"பாவம்," என்றார் குகதாசன், போனைத் திருப்பிக் கொடுத்தபடி.

"கோபமே இல்லை அவருக்கு. அவன் சுகமா இருக்கிறானோ எண்டுதான் கேட்டவர். அந்தச் சிநேகிதன்ர பேர் பரஞ்சோதியாம். தெரியுமோ?"

"தெரியாது."

"பகிடி என்னெண்டால், அவருக்கும் உங்கட பேர்தான். குகதாசன்."

மகள் வாயிலிருந்து முதன்முறையாகத் தன் சொந்தப் பெயரைக் கேட்டிருந்த பரஞ்சோதி, கண்ணாடியைத் துடைக்கும் சாட்டில் தலையைக் குனிந்துகொண்டார்.