எடை குறைகிறது

லாரி வந்த பிறகு மண்டிக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த வட்டாரத்துக்கே அதுதான் முதல் லாரி. அதுவரை மாட்டு வண்டிகள் ஆடி அசைந்து ரயிலடிக்குக் கொண்டுபோன தானிய மூட்டைகளை, அது ஒரே நடையில் கொண்டுபோய் இறக்கியது. ஊரே கூடிப் பார்த்தபோது, ஏதோ தானே செய்த மாதிரி மண்டிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

"மாட்டு வண்டி காலத்துல ரயிலடியில வந்த எடை இப்ப வரலை. லோடுக்கு ஒரு மூட்டை கணக்குல குறையுது," என்று மனைவியிடம் புலம்பினார்.

"மூட்டையை எண்ணிப் பார்த்தீங்களா?"

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. எடைதான் இல்லை. மாடாவது வழியில புல்லைத் தின்னும். இந்த லாரி தானியத்தையே தின்னுது."

லாரி தின்னாது, ஓட்டுகிறவன்தான் தின்பான் என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார்.

டிரைவர் வெளியூர்க்காரன். அதிகம் பேசமாட்டான். சந்தேகப்பட இது போதாதா? போதாததற்கு, இன்ஜின் கொதிக்கிறது என்று தினமும் பாதி வழியில் கிணற்றடியில் லாரியை நிறுத்தினான். அவன் சீட்டுக்கு அடியில் சாக்குத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. முதலாளி பக்கத்தில் வந்தால் அதைக் காலால் உள்ளே தள்ளிவிடுவான்.

கிணற்றடிக்கு ஆள் அனுப்பி வேவு பார்த்தார். தண்ணீர் ஊற்றியதைத் தவிர அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றான் போனவன். அதைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. இவ்வளவு சுத்தமாகத் திருடுகிறவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது அல்லவா?

கடைசியில் விவசாயிகளையே கூப்பிட்டார். அவர்கள் விளைச்சலை மண்டியில் நிறுத்து வாங்குகிறவர் அவர்தான். மூட்டை எடைக்கான பெரிய இரும்புக் கல்லைத் தராசில் ஏற்றுவதும் அவர்தான். அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார்.

"நீங்க வேர்வை சிந்தி விளைவிச்சதை இவன் கைப்பிடி கைப்பிடியா அள்ளிக்கிட்டிருக்கான். நீங்களே வந்து சாட்சியா நில்லுங்க," என்றார். அவர்களுக்கும் ரத்தம் கொதித்தது.

டிரைவர் காதிலும் விழுந்தது. போன மாதம்தான் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் மண்டிக்குப் பின்னால் இருந்த அறைக்கு அழைத்து வந்திருந்தான். திருடன் என்று பெயர் வாங்கிவிட்டால் எந்த ஊரிலும் யாரும் அவனை நம்பி லாரியைக் கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் முதலாளி அவன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார். விவசாயிகள் மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். லாரி உடம்பெல்லாம் நடுங்கக் கிளம்பியது. வழி நெடுக அவர் கண் டிரைவரின் கையை விட்டு நகரவில்லை. கிணற்றடியில் அவரும் கூடவே இறங்கி, கூடவே ஏறினார்.

ரயிலடியில் வேகன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். ஏற்றுவதற்கு முன்னால் மூட்டைகளை ரயில்வே தராசில் நிறுத்துப் பார்த்தார் கூட்ஸ் குமாஸ்தா.

"மண்டியில நிறுத்த எடை என்னவோ அதேதான் இங்கேயும். ஒரு பிடிகூடக் குறையலையே," என்றார்.

"அதான் சொல்றேன். வழக்கமா வர்ற எடை இல்லையே," என்றார் மண்டிக்காரர்.

குமாஸ்தா ஒன்றும் புரியாமல் விழித்தார். விவசாயிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மண்டிக்காரர் டிரைவர் பக்கம் பாய்ந்தார். "முதல்ல அந்தப் பொட்டலத்தை எடுடா."

டிரைவர் குரலைத் தாழ்த்தினான். "இங்க வேண்டாம் முதலாளி. தனியா வாங்க, சொல்றேன்."

"என்ன தனியா? எல்லாரும் பார்க்கட்டும். பிரி."

பிரித்தான். உள்ளே இருந்தது உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈயக் கட்டி.

"லாரி வந்த அன்னிக்கு மண்டிச் சரிவுல பிரேக் பிடிக்கலைங்க," என்றான் தரையைப் பார்த்தபடி. "சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கையில அகப்பட்ட உங்க எடைக்கல்லை எடுத்து வெச்சேன். சக்கரம் ஏறினதுல கல்லோட அடியிலிருந்து இது கழண்டு விழுந்துடுச்சு. கல்லைத் துடைச்சுப் பழையபடி வெச்சிட்டேன். திட்டுவீங்கன்னு இதைச் சொல்லலை. இதைத் தவிர உங்க பொருள் எதையும் நான் எடுக்கலைங்க."



மூட்டை மேல் உட்கார்ந்து வந்தவர்களில் ஒருவர் அந்த ஈயக் கட்டியை வாங்கினார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தார். பிறகு மண்டிக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"இத்தனை வருஷமா மூட்டைக்கு இவ்வளவா, முதலாளி?"