கண்ணாடிப் பெட்டிக்குள் வராத கால்

டக்... சர். டக்... சர்.

வராந்தாவில் அந்தச் சத்தம் கேட்டதும் முதலாண்டுக் கணக்கு வகுப்பு அடங்கிப்போகும். குழந்தைராஜ் சார் வருகிறார். "டக், பட்டாளம் கொடுத்தது. சர், எங்கம்மா கொடுத்தது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எழுபத்தொன்றில் நடந்த சண்டையில் அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பூனாவில் பட்டாளத்தார் செய்து மாட்டிய காலோடு திரும்பியவர், பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் கல்லூரியில் வாத்தியாரானார். நடக்க முடியாத பிள்ளைக்கு சீட், கண் தெரியாதவனுக்கு வேலை என்று கலெக்டர் ஆபீசிலும் கோட்டையிலும் ஏறி இறங்கியது அந்தக் கால்தான்.

அவர் இறந்த மறுவருஷம், சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருந்த பழைய மாணவர்கள் சேர்ந்து கல்லூரிக்குள் ஒரு நினைவகம் கட்டினார்கள். கிரானைட் தரை. நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சாரின் கால் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கால் மட்டும் வரவில்லை.

"மெடலைக் கொடுத்துட்டாங்க, தொப்பியைக் கொடுத்துட்டாங்க. இந்தக் காலை வச்சுக்கிட்டு அந்தம்மா என்னதான் செய்யப் போறாங்க?" என்றார் பிரின்சிபால் குஞ்சிதபாதம்.

"வித்திருப்பாங்க சார்," என்றார் ஹெட்கிளார்க் ரெத்தினம். "இப்பதான் எதைக் கொடுத்தாலும் வாங்கறதுக்கு ஆள் இருக்கே."

"நாளைக்குத் திறப்பு. அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடணும்னே சிங்கப்பூர்லேர்ந்து சகாயராஜ் வர்றார். நான் எதைக் காட்டுவேன்?"

பெண் போய்க் கேட்டால் இளகுவார் என்று, தமிழ்த் துறையிலிருந்த என்னை அனுப்பினார்கள். காலைத் தூக்கிவர வாட்ச்மேன் துரைராசு கூட வந்தான். மலேசியாவிலிருந்து திரும்பி, சமீபத்தில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நல்ல உயரம். பூட்ஸ் பளபளவென்று இருந்தது.

சாரின் மனைவி விண்ணரசி வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். வா துரை. நீயும் காலைக் கேக்கத்தான் வந்தியா?"

துரைராசு தலையைக் குனிந்துகொண்டான்.

"குடுத்துடுங்கக்கா," என்றேன். "காலேஜே உங்களைத்தான் பேசுது. வித்துட்டீங்களாம்."

முறம் ஒரு நொடி நின்றது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க டீச்சர்?"

"நான் நம்பலை. இருந்தாக் காட்டுங்க. பார்த்தேன்னு போய்ச் சொல்லிடறேன்."

"கால் வீட்டுல இல்லையே."

"பின்னே எங்கே?"

"வெளியே போயிருக்கு."

"கேலி பண்ணாதீங்கக்கா."

"கேலி இல்ல. அவர் இருந்தப்பவே அது என்னைக்கு வீடு தங்கிச்சு?" என்றவர் அவன் பக்கம் திரும்பினார். "ஏன் துரை, பிரின்சிபால்கிட்ட என்ன சொல்லப் போறே?"

"கெடைக்கலைன்னு சொல்லிடறேம்மா."

"அடப்பாவி! கூசாமச் சொல்லுவியா?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. புருஷன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூடத் தோன்றியது.

கிளம்பும்போது எழுந்து வந்து, "வாய்க்கால் பக்கம் ஒரே சேறு. ரோட்டு வழியாவே போ துரை," என்றார். என்னை எந்த வழியாகவும் போகச் சொல்லவில்லை.

பிரின்சிபால் அசரவில்லை. தஞ்சாவூரில் செயற்கைக் கால் செய்கிற கடைக்கு ஆள் அனுப்பி, அங்கே பார்வைக்கு வைத்திருந்த ஒன்றை வாங்கிவரச் செய்தார். பெட்டிக்குள் வைத்து, 'ஐயா அணிந்த கால்' என்று கீழே பித்தளைத் தகடும் அடித்தாயிற்று.

மறுநாள் சகாயராஜ் அந்தப் பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்று தேம்பித் தேம்பி அழுதார். ஊனமுற்றோருக்காக சார் வாதாடியதைப் பற்றிப் பிரின்சிபால் உருக்கமாகப் பேசினார். கைதட்டல் அடங்கியதும் விண்ணரசி பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு என் காதோரம் வந்தார்.

"டீச்சர், இது வலது காலு."

"ஐயையோ!"

"அவருக்கு மிச்சமிருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டாங்க."

எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

விருந்தாளியை வழியனுப்ப எல்லோரும் வாசலுக்கு வந்தோம். துரைராசு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். சகாயராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல ஆளா வச்சிருக்கீங்களே!"

"ஏஜென்சி ஆளுங்க சார்," என்றார் பிரின்சிபால் பெருமையாக. "முன்னே மாதிரி இல்ல. உடம்புல ஒரு குறை இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

விண்ணரசி என் கையை இறுக்கிப் பிடித்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"நான் வித்துட்டதாவே இருக்கட்டும் டீச்சர்," என்றார்.

மலேசியாவில் மர மில் மிஷினில் இடது முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்துவிட்டு வந்தவன் துரைராசு. முழங்காலில் மாட்டுகிற தோல் உறையை மட்டும் தன் அளவுக்கு மாற்றித் தைத்துக்கொண்டு, ரிட்டயராகும் வரை அந்த வாசலில்தான் நின்றான், குழந்தைராஜ் சாரின் காலில்.