நிறுத்தங்களின் பெயர்கள்

சிஞ்ச்வட்டில் பேருந்து புறப்பட இன்னும் நான்கு நிமிடங்கள் இருந்தன. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், கம்பியைப் பற்றியபடி நின்றாள் நீலா.

பெருந்தொற்றுக்குப் பின் அவள் பேருந்தில் ஏறுவது இதுவே முதன்முறை. அந்த அச்சத்தில் வாங்கிய ஸ்கூட்டரே இத்தனை ஆண்டுகளாக அவளைச் சுமந்தது.

இருக்கைகளைக் கழற்றிவிட்டு இதே பேருந்தில் இறந்தவர்களை ஏற்றிய நாள்கள் உண்டு. அவ்வாறு ஏற்றப்பட்டவர்களுள் ஒருவர் அவள் அப்பா பத்மநாபன்.

உடன் செல்ல ஒருவருக்கும் அனுமதியில்லை.

நாற்பதாண்டுகள் வைகறைதோறும் திருநாமம் பாடிய நா. அவர் செவியில் இறுதியாக ஒரு சொல்லேனும் விழுந்ததா? அதை அறியவே, அன்று ஓட்டியவர் சவரிமுத்து என்னும், பக்கத்துக் கட்கியில் வாழும் தமிழர் என்று கேட்டறிந்து வந்திருந்தாள்.

“தாயி, மாகே பசா!” என்று மராத்தியில் சொல்லி, உட்காரும்படி பின்னிருக்கைகளைக் காட்டினார் நடத்துநர்.

அவள் நகரவில்லை. “அண்ணா, கொரோனால எங்கப்பா உங்க வண்டியிலதான் போனார். பத்மநாபன். வழியில யாராவது ஒரு திருநாமமாவது பாடினாங்களா?”

சவரிமுத்து கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னார்:

“உங்க பாட்டெல்லாம் எனக்கு எங்க தெரியும்மா? நான் மாதா கோயில் ஆளு. ஆனா பேசாம ஓட்ட மனசு வரல. கண்டக்டரும் இல்ல. நானே ஒவ்வொரு ஸ்டாப்பாப் பேரு சொல்லிக்கிட்டே போனேன். பிம்ப்ரி, வல்லபநகர், புகேவாடி, தாபோடி... எறங்குறவங்க எறங்குங்கன்னு. பைத்தியக்காரன்னு நெனச்சுக்காதம்மா.”

நீலாவின் கண்கள் நிறைந்தன.

திருத்தலங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தொழுவது அவள் வீட்டு வழக்கம். ஊர் பின் ஊராக ஓதி, முடிவில் பெருமாள் திருவடியில் நிற்பது. அப்பா கேட்டுக்கொண்டேதான் போயிருக்கிறார்.

இரட்டை மணி ஒலித்தது. வண்டி நகர்ந்தது.

“கசார்வாடியில மட்டும் நிறுத்தினேம்மா,” என்றார் சவரிமுத்து, சாலையைப் பார்த்தபடி. “ஆஸ்பத்திரில குடுத்த துண்டுச் சீட்டுல உங்கப்பா அட்ரஸ் இருந்துச்சு. ரோட்டு மேலயே வீடு. சொந்த வாசலை ஒருதரம் பார்த்துட்டுப் போகட்டுமேன்னு கதவைத் திறந்துவிட்டு ஹாரன் அடிச்சேன். மாடியில ஒரு பொண்ணு எட்டிப் பார்த்துச்சு. பார்த்ததும் படார்னு ஜன்னலைச் சாத்திருச்சு. வேற யாரோ குடியிருக்காங்க போலன்னு கெளம்பிட்டேன்.”

ஊர் அடங்கிய நண்பகல். பேருந்தே ஓடாத சாலையில் ஒரு பேருந்து. திறந்த கதவு. எவரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஜன்னல் தாழ்ப்பாளை இட்டபின் கைகளைச் சோப்பிட்டு மும்முறை கழுவியது நீலாவுக்கு நினைவிருந்தது.

“ஆமாம் அண்ணா,” என்றாள். “வேற யாரோதான்.”